மெதுவான பந்துக்கு ஒரு கடலை

மேடம், இந்த ஓட்டல்காரர்கள் வேர்க்கடலையை உரித்துக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் உரித்த கடலையில் பாதி சுகம் போய்விடுகிறது. கட்டைவிரலால் அழுத்தி, ஓடு பிளந்து, உள்ளே இரண்டா மூன்றா என்று பார்க்கிற அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் கடலையே தின்கிறேன். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதையும் ஒருநாள் கேட்க வேண்டும்.

அந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள். முப்பத்தோரு வருடமாக மைதானங்களில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலிக்காரனுக்கு மட்டும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் என்னுடையது.

பெயர் வெண்டெல் ப்ரூகர். வயது அறுபத்து மூன்று. லூயிவில் ரிவர்மென் பேஸ்பால் அணிக்கு ஆள் பார்த்துக் கொடுப்பவன். அதாவது ஊர் ஊராகப் போய், மட்டையாளருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து மற்ற அணிகளின் ஆட்டத்தைப் பார்த்து, எவனை நம் பக்கம் இழுக்கலாம், எவனுக்குத் தோள் போய்விட்டது என்று எழுதி அனுப்புவது. எங்கள் தொழிலில் மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஏன் பூஜ்யத்தில் தொடங்கி நூறில் முடியவில்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற ஆள் இந்த வேலைக்கு வருவதில்லை. ஐம்பது என்றால் சராசரி. கணவனாக எனக்கு நான் நாற்பத்தைந்து போட்டிருந்தேன். என் மனைவி முப்பது போட்டுவிட்டு டென்வருக்குப் போய்விட்டாள். அவள் கணிப்புதான் சரி. அவளை எங்கள் அணி வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்.

லீக் விசாரணைக் குழுவிலிருந்து உங்கள் கடிதம் வந்தது. பஃபலோ வீச்சாளன் ரெமி ஃபால்கூ அடுத்து வீசப்போகும் பந்து எது என்று போன ஜூலையில் எதிரணிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, டல்சா டெரிக்ஸ் அணி ஏதோ கேமரா மறைத்து வைத்திருக்கலாம், அது பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கொஞ்சம் புண்பட்டது. எதைக் கண்டுபிடித்தாலும் கேமரா கண்டுபிடித்தது என்று சொல்கிற காலம் இது. கேமரா எல்லாம் ஒன்றும் இல்லை மேடம். தூரத்து வேலிப் பக்கம் வைக்கிற கேமராவுக்கு ரெமியின் முதுகுதான் தெரியும். விஷயம் அவன் முன்பக்கத்தில் இருந்தது. நான்தான் பார்த்தேன். இந்த இரண்டு கண்ணால், அதுவும் ஒரு கண்ணில் புரை வளர ஆரம்பித்த பிறகு.

முதலில் இருந்து சொல்கிறேன். அவசரம் இல்லையே?

ஜூன் இரண்டாம் வாரம் எங்கள் அணியின் பொது மேலாளர் ஹால்வர்சன் கூப்பிட்டார். முப்பத்து நான்கு வயது. மினசோட்டாக்காரர், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். எங்களுக்கு ஒரு பந்து வீச்சாளர் அவசரமாகத் தேவைப்பட்டது. அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும் கெடு ஜூலை முப்பத்தொன்று மாலையோடு முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

"மூணு பேர் இருக்காங்க வெண்டெல். ப்ரிட்செட், ஆன்செல்மோ, ஃபால்கூ. போய்ப் பாத்துட்டு யாரு வேணும்னு ஒரே பக்கத்துல சொல்லுங்க. போன தடவை மாதிரி பதினேழு பக்கம் வேணாம்."

"பதினாறு."

"கடைசிப் பக்கம் பூராவும் அந்த ஊரு பொரிச்ச மீனப் பத்தி எழுதியிருந்தீங்க."

"அந்தப் பக்கத்த மட்டுமாவது படிச்சிருக்கீங்களே, சந்தோஷம்."

ஒப்பிட்டேன். நேர்மையாகத்தான் ஒப்பிட்டேன். ப்ரிட்செட்டுக்கு இருபத்து நான்கு வயது. வேகத்துக்கு எழுபது கொடுக்கலாம், பந்து எங்கே போகும் என்பதற்கு முப்பது. அவன் வீசும்போது, நடுவில் வலை கட்டியிருந்தும், முன்வரிசைத் தாய்மார்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆன்செல்மோவுக்கு முப்பத்தாறு. வேகம் நாற்பது, மூளை எழுபது. ஆனால் பந்து வீசுகிற மேட்டில் ஏறும்போது அவர் முழங்கால் போடுகிற சத்தம் மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டது. எனக்கு என் முழங்காலே போதும் என்று இருந்தது.

ரெமி வேறு ரகம். வயது இருபத்தொன்பது, பஃபலோ பைலட்ஸ் அணியில் இருந்தான். அவன் கை ஒரே மாதிரி சுழலும். ஒரு பந்து தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் வரும். அடுத்தது, அதே சுழற்சியில், எண்பதில் வரும். மட்டையாளர்கள் காற்றில் சுற்றி முடித்துவிட்டு, இன்னும் வந்து சேராத பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், விருந்துக்கு ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்ட ஆள் மாதிரி. அந்த மெதுவான பந்துக்கு நான் எழுபத்தைந்து போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் எதற்கும் நான் அவ்வளவு போட்டதில்லை.

எங்கே சிக்கல் என்றால், பஃபலோ அவனுக்குப் பதிலாக இரண்டு பேரைக் கேட்டது. எங்கள் பயிற்சி அணியில் வளர்ந்துவரும் ஒரு மட்டையாளன், ஒரு இடதுகை வீச்சாளன். ஹால்வர்சன் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒருத்தன்னா இன்னிக்கே கையெழுத்துப் போடுவேன். ரெண்டு பேருன்னா, ஆன்செல்மோவோட முழங்காலுக்கு எண்ணெய் போட்டு ஓட்டிக்கலாம்."

ஆக, கேள்வி மிகச் சின்னது. இரண்டு என்பது ஒன்றாகக் குறைய வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ரெமியைக் கண்டுபிடித்தது நான். பதினோரு வருடத்துக்கு முன், லூசியானாவில், கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில். அன்று கூட்டம் என்று பார்த்தால் நான், அவன் அம்மா ஓடெட், ஒரு நாய். ஆட்டம் முடிந்து ஓடெட் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். இறால் குழம்பு. நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். மூன்றாவது தட்டில் அந்தக் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"பையன் வீட்ட விட்டுப் போனதே இல்ல வெண்டெல். நீங்க பாத்துக்குவீங்களா?"

"என் கண்ணு அவன் மேலயே இருக்கும் ஓடெட்."

அந்த வாக்கை நான் மீறியதே இல்லை. என் கண் அவன் மேலேயேதான் இருந்தது.

ஏழு வருடம் எங்களிடம் இருந்தான். பிறகு, ஹால்வர்சனுக்கு முன்னால் இருந்த மேலாளர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவனைப் பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டு ஒரு மட்டையாளரை வாங்கினார். அந்த மட்டையாளர் எங்கள் ஊருக்கு வந்து, பேருந்திலிருந்து இறங்கும்போது கணுக்காலை உடைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்து அரை மணி நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கென்டக்கிக் காற்றில் மகரந்தம் அதிகம், கண்ணில் நீர் வரும்.

அதன் பிறகும் ரெமி மாதம் ஒரு முறை போன் செய்வான். என்னைப் 'பெருசு' என்றுதான் கூப்பிடுவான். கிறிஸ்துமஸுக்கு ஓடெட் அரிசியும் பன்றிக்கறியும் அடைத்த தொத்திறைச்சி ஒரு பெட்டி அனுப்புவார். அவனைத் திரும்ப எங்கள் பக்கம் கொண்டுவர வேண்டும் என்று நான் நினைத்தது தவறா, நீங்களே சொல்லுங்கள். வேறு யாருக்காவது போயிருந்தால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இப்போது கையுறை.

முதல் நாளே பார்த்துவிட்டேன், அந்தக் கரும்புத் தோட்டத்திலேயே. வேகமான பந்தைப் பிடிக்க விரல்கள் மேலாக இருந்தால் போதும். மெதுவான பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகத் திணிக்க வேண்டும். ரெமி இடதுகைக் கையுறைக்குள் வலதுகையை விட்டுப் பந்தைத் திணிக்கும்போது, கையுறையின் சுண்டுவிரல் அரை அங்குலம் வெளியே விரியும். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கிற சீமாட்டி மாதிரி. சுண்டுவிரல் விரிந்தால் மெதுவான பந்து. விரியாவிட்டால் வேகம். தப்பவே தப்பாது. ஒரு நொடிதான், அதுவும் மட்டையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். பயிற்சியாளர்கள் பக்கவாட்டில் உட்காருகிறார்கள். அவன் பந்தைப் பிடிக்கிற கேட்சர் நேரெதிரே இருந்தும் கவனிக்கமாட்டான். வரப்போவது என்னவென்று தெரிந்தவன் எதையும் கவனிப்பதில்லை.

ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில், நான் ஆள் பார்ப்பவன், பயிற்சியாளன் இல்லை. அடுத்தவர் வேலையில் தலையிடுவது மரியாதை இல்லை. பிறகு, அவன் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தான். நன்றாக ஓடுகிற கடிகாரத்தைத் திறந்து பார்ப்பானேன்? பிறகு பஃபலோவுக்குப் போய்விட்டான்; அப்போது சொன்னால் அது எதிரணிக்கு உதவி, என் அணிக்குத் துரோகம். நான் துரோகம் செய்கிற ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மேடம், உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். வீட்டுச் சாவி ஒன்று சட்டைப்பையில் இருப்பது போல. திறந்து உள்ளே போகவேண்டும் என்றில்லை. இருந்தால் போதும்.

ஜூன் கடைசி வாரம் பஃபலோ போனேன். பகல் ஆட்டம், நல்ல வெயில். எங்களைப் போன்றவர்கள் ஐந்தாறு பேர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் டல்சாவின் மில்ட் க்ரென்ஷா. இருபது வருடப் பழக்கம். என் கல்யாணத்துக்கும் வந்தான், விவாகரத்துக்கும் வந்தான். இரண்டிலும் சாப்பாடு சுமார் என்றான்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. எல்லா ஊர் மைதானத்திலும் உண்டு. நீண்ட மதியங்களில் தூங்கிவிடாமல் இருப்பதற்காக. அடுத்த பந்து என்ன என்று ஆளுக்கு ஒரு கடலை வைத்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவனுக்கு எல்லாக் கடலையும். யாரும் பத்துக்கு ஆறுக்கு மேல் ஜெயித்ததில்லை. ரெமி ஆடும்போது மட்டும் நான் எப்போதும் வேண்டுமென்றே தோற்பேன். பதினோரு வருடமாகத் தோற்றிருக்கிறேன். அது சின்னத் தியாகம் இல்லை. மில்ட் ஜெயித்தால் வாயை மூடமாட்டான்.

அன்று நான் தோற்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

"மெது," என்றேன். மெதுவான பந்து வந்தது. "வேகம்." வேகம். "மெது." ஏழாவது பந்துக்கு என் முன்னால் ஒரு சின்ன மலை.

"யோவ், என்னய்யா இது, ராத்திரி அவன் கூடப் படுத்து எந்திரிச்சியா?" என்றான் மில்ட்.

"வயசாக ஆக அறிவு வளருது மில்ட். உனக்கும் வரும், கொஞ்சம் பொறு."

"உனக்கு வளர்றது மூக்குல முடி மட்டுந்தான். இரு, மறுபடி போடு. ரெண்டு கடலை."

பதினொன்றுக்குப் பதினொன்று ஜெயித்தேன். நான் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைகை காட்டவில்லை. என் கண் ரெமியின் கையுறை மேல் இருந்தது, அது எப்போதும் இருக்கிற இடம்தான். ஐந்தாவது சுற்றில் மில்ட் பேச்சை நிறுத்தினான். மில்ட் பேச்சை நிறுத்தினால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அவன் முதலில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் கண் போகிற திசையைப் பார்த்தான். ஆறாவது சுற்றில் அவனும் ஜெயிக்க ஆரம்பித்தான். கடலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "வெயிலு ஜாஸ்தியா இருக்குல்ல," என்றான். "ஆமா," என்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள்.

உங்கள் விதிப்புத்தகத்தை நானும் படித்துப் பார்த்தேன் மேடம். கடலை பற்றி அதில் எதுவும் இல்லை.

அடுத்த நான்கு வாரம் பஃபலோவுக்கு நல்ல காலமாக இல்லை. அதுவரை ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஓட்டம் கொடுத்த ரெமி ஏழு கொடுத்தான், ஒன்பது கொடுத்தான். ஒருநாள் இரண்டாவது சுற்றிலேயே மேட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். நான் எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு ஊசி போடும்போது பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஆனால் ஊசி எதற்கு என்று தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

ஜூலை பதினைந்துக்குள் பஃபலோ மட்டையாளனை விட்டுவிட்டு இடதுகை வீச்சாளனை மட்டும் கேட்டது. ஹால்வர்சன் எனக்குப் போன் செய்தார்.

"உங்க ஆளு சரிஞ்சுட்டானே வெண்டெல். இன்னும் அவனேதானா?"

"அவனேதான்."

"ஏன், என்ன காரணம்? எண்ணெல்லாம் ரொம்ப மோசமா இருக்கே."

"எண்ணு காய்ச்சல் மாதிரி. வரும், போகும். ஒரே வாரத்துல நான் சரி பண்ணிக் குடுக்குறேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரே நாளில் சரி செய்திருப்பேன். அதற்கான சாமான் என் கார் டிக்கியில் இருந்தது. கையுறை. செயின்ட் லூயிஸில் எனக்குத் தெரிந்த ஒரு தோல்காரரிடம் ஜூன் மாதமே சொல்லிச் செய்தது. அரை அங்குலம் பெரியது, பின்பக்கம் முழுக்க மூடியது, சுண்டுவிரலுக்கு உள்ளே கூடுதலாக ஒரு கனத்த தோல். அதற்குள் என்ன செய்தாலும் வெளியே தெரியாது. மணிக்கட்டில் அவன் பெயர், பழுப்பு நூலில். அவன் எங்கள் அணிச் சட்டையைப் போடுகிற முதல் நாள் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். நான் கெடுதல் நினைத்திருந்தால் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பேனா? இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ரசீது என்னிடம் இருக்கிறது. ஜூன் பத்தொன்பது.

ஆமாம், அந்தக் கடலை ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான். நீங்கள் கவனமாகக் கேட்கிறீர்கள். நல்லது.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி காலை ரெமி கூப்பிட்டான். நான் முட்டை தின்றுகொண்டிருந்தேன்.

"பெருசு, எதுனா சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுட்டே இருக்கேன். நீ?"

"எறங்க மாட்டேங்குது. பெருசு, அவனுங்களுக்கு முன்னாடியே தெரியுது. நான் என்ன போடப் போறேன்னு எனக்கே தெரியறதுக்கு முன்ன அவனுங்களுக்குத் தெரியுது. நான் எதையோ காட்டிக் குடுக்குறேன். இங்க இருக்குறவங்க வீடியோ போட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லைங்கிறாங்க. நீ பாத்த இல்ல? என்னன்னு சொல்லு."

முட்டை ஆறிக்கொண்டிருந்தது. கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது, கையெழுத்து இன்னும் ஆகவில்லை. அன்று சொல்லியிருந்தால் அவன் அடுத்த ஆட்டத்திலேயே பழைய ரெமி ஆகியிருப்பான். பஃபலோ மறுபடி இரண்டு பேரைக் கேட்டிருக்கும். நான்கு வாரமாக அவன் பட்ட கஷ்டம் எல்லாம் வீணாகியிருக்கும். அவன் கஷ்டத்தை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

"தோளு," என்றேன். "தோளு சீக்கிரமா திரும்புது. கடைசி வரைக்கும் நேரா வச்சுக்கிட்டு வீசு. மத்ததெல்லாம் தன்னால சரியாகும்."

"தோளா? அவ்வளவுதானா?" பெரிய மூச்சு ஒன்று விட்டான். "அப்பா. உனக்குக் கோயில் கட்டணும் பெருசு."

"கோயில் வேணாம். அம்மாவ ரெண்டு பெட்டி அனுப்பச் சொல்லு."

சிரித்தான். மூன்று வாரத்தில் அவன் சிரித்தது அன்றுதான் என்று பிறகு ஓடெட் சொன்னார். அதை நான் என் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை இருபத்தேழு. டல்சாவுக்கும் பஃபலோவுக்கும் பகல் ஆட்டம். மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, மருத்துவக் காகிதங்கள் மட்டும் வர வேண்டும். ஹால்வர்சன் என்னை ஒரு மரியாதைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கையுறையை எடுத்துப் புதுத் துணியால் துடைத்து டிக்கியில் வைத்தேன்.

ரெமி நான் சொன்னதை அப்படியே செய்தான். தோளை நேராக வைத்துக்கொண்டு வீசினான். அப்படி வீசும்போது முடிவில் உடம்பு முன்னால் சாய்ந்து, கையுறை இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது. முகத்துக்கு முன்னால் எதுவும் இல்லை. இரண்டாவது சுற்றிலேயே அதைக் கவனித்தேன். குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்: 'லூயிவில் வந்ததும் சரிசெய்ய வேண்டும்.' தேதி போட்ட பக்கம், பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது சுற்று. மட்டையோடு நின்றவன் டல்சாவின் பெரிய ஆள், கழுத்தே இல்லாதவன். ரெமி கையுறைக்குள் கையை விட்டான். சுண்டுவிரல் விரிந்தது.

"மெது," என்றேன். மில்ட்டும் அதே நொடியில் "மெது" என்றான். இருவரும் கடலையை வைத்தோம்.

மெதுவான பந்து என்று தெரிந்தால் மட்டையாளர் அவசரப்படவே மாட்டார். காத்திருந்து, முழு உடம்பையும் போட்டு, வந்த வழியே திருப்பி அடிப்பார். பந்து எண்பது மைலில் போனது, நூற்றுப் பத்தில் திரும்பி வந்தது. ரெமி நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்தது. கையைத் தூக்க நேரம் இல்லை. சத்தம் பெரிதாக இல்லை. கடலை ஓடு பிளக்கிற சத்தம்தான், கொஞ்சம் கனமாக.

மைதானத்தில் பதினெட்டாயிரம் பேர். யாரோ ஒரு குழந்தை எதையோ கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. நான் குனிந்து பார்த்தபோது எங்கள் இரண்டு கடலையும் அப்படியே இருந்தன. மில்ட் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஜெயித்த ஆட்டத்தில் யார் எடுப்பது என்று எங்களுக்குள் விதி இல்லை.

மில்ட் எழுந்து போனான். அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்காருவதில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறானாம். அவன் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை, இல்லையா? நல்லவன்.

இடது கண். மூன்று முறை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, அவ்வளவுதான். நான் மருத்துவமனை வராந்தாவில் இருந்தபோது ஹால்வர்சன் போன் செய்தார். கெடுவுக்கு நான்கு நாள், மற்ற இருவரில் யார் என்று கேட்டார். கேட்டபோது அவர் குரல் சரியாக இல்லை. ஆன்செல்மோ என்று பதினைந்து நிமிடத்தில் எழுதி அனுப்பினேன். ஒரே பக்கம். ஆன்செல்மோ அக்டோபர் வரை நன்றாகவே வீசினார். முழங்கால் பற்றி என் கணிப்பு தவறு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்று ஒப்புக்கொள்வதற்காகத்தானே வந்திருக்கிறேன்.

ஓடெட் அன்றே விமானத்தில் வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் விமானம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அங்கதான் இருந்தீங்களா வெண்டெல்?"

"அங்கதான் இருந்தேன் ஓடெட்."

"நல்ல வேளை. தெரிஞ்ச மனுசன் ஒருத்தராவது பக்கத்துல இருந்தீங்க."

பிடித்த கையை ரொம்ப நேரம் விடவில்லை. எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. சொல்லத் தோன்றவில்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்கு நேர் பதில் இதுதான். டல்சாக்காரர்கள் கேமரா எதுவும் வைக்கவில்லை, அவர்களை விட்டுவிடுங்கள். ரெமி ஃபால்கூவின் விலையைக் குறைக்க அவன் ரகசியத்தை வெளியே விட்டது நான். அவன் கேட்டபோது மறைத்தது நான். முகத்துக்கு முன்னால் கை வராதபடி வீசச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மூன்றையும் யோசித்து, நிதானமாக, நல்ல தூக்கம் தூங்கி எழுந்து செய்தேன். ஒவ்வொன்றும் அவன் நல்லதற்குத்தான். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. சேர்த்துப் பார்க்காமல் இருக்கத்தான் முயற்சி செய்கிறேன்.

டிசம்பரில் லூசியானா போனேன், கையுறையை எடுத்துக்கொண்டு. ரெமி வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகைச் சுவரில் பந்தெறிந்து பழகிக்கொண்டிருந்தான். ஒரு கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. திரும்பி வருகிற பந்து பாதி நேரம் கையைத் தாண்டிப் போகிறது. போய் எடுத்துக்கொண்டு வருகிறான். கையுறையைக் கொடுத்தேன். மணிக்கட்டில் தன் பெயரைத் தடவிப் பார்த்தான். போட்டுக்கொண்டு, உள்ளே கையை விட்டு, மெதுவான பந்தைத் திணித்தான். நான் வழக்கம்போல நேரெதிரே நின்று பார்த்தேன். சுண்டுவிரல் துளிகூட அசையவில்லை. தோல்காரர் கெட்டிக்காரர்.

உள்ளே ஓடெட் தட்டுகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. இறால் குழம்பு. ரெமி கையுறையைக் கழற்றாமல், நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"பெருசு, எல்லாரும் கேமராங்கிறாங்க. எனக்கு என்னமோ நம்பிக்கையில்ல. நீ ஆரம்பத்துலேருந்து என்னப் பாக்குற. என்கிட்ட எதுனா இருந்திருந்தா நீ சொல்லியிருப்ப இல்ல?"

"சொல்லியிருப்பேன்டா," என்றேன்.

அது பொய் இல்லை மேடம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சொல்லியிருப்பேன்.